ஆணி தாங்கிய சுவர்கள்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. எத்தகைய சுவர் என்பதை அப்பழமொழி கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் அந்நாளில் எழவில்லை. சுவர் என்றாலே திண்மை என்பது பொருள். மண்ணால் எழுப்பினும், கல்லால் எழுப்பினும், கூரையின் பாரத்தைத் தாங்கி நிற்பதே சுவர் என மக்கள் அறிந்திருந்தனர். இன்றோ நம் நகரங்களின் அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும், இரு புறமும் தாள் ஒட்டிய அரை அங்குலக் கனமுள்ள பலகையையும் நாம் சுவர் என்றே அழைக்கின்றோம். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. சொல் மாறாததனாலேயே கையும் பழைய பழக்கத்தில் சுத்தியலைத் தேடுகின்றது. அதனால் நேரும் விபத்துகள் சிலவற்றின் விலை மிகப் பெரிது. ஆகவே, சுவரில் ஒரு பொருளை மாட்டும் எளிய வினைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை ஆசிரியப் பெருமக்களும் மாணவர்களும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

பழந்தமிழர் இல்லத்தில் சுவரில் தொங்கியவை மிகச் சில. விளக்கு வைக்கச் சுவரிலேயே மாடம் குடைந்தனர். அதனை மாடக்குழி என்றும் பிறை என்றும் வழங்குவர். தயிர்ப்பானையும் வெண்ணெய்த் தாழியும் உறியில் ஏறின. உறியோ கூரையின் உத்தரத்திலிருந்து தொங்கியது. மண்சுவர் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கவல்லது. தன்னைப் பற்றி வெளியே இழுக்கும் விசைக்கு எளிதில் பொடிந்து கொடுப்பது. இதனைக் கணக்கிட்டு அறிந்தார்களோ, பட்டு அறிந்தார்களோ, வீட்டின் அமைப்பில் அவ்வறிவு அமைந்து கிடந்தது. சுவரின் கனத்தைக் குடைந்து பயன்கொள்வது, தொங்கும் பாரத்தை உத்தரத்திற்குக் கொடுப்பது என்னும் இரண்டு வழக்கங்களும் அந்தச் சுவருக்கு முற்றிலும் பொருந்தியவை. சுவரில் அறைந்த முளையும் இருந்தது. வீணை முதலியவற்றைத் தொங்கவிடும் அத்தகைய முளைக்கு நாகதந்தம் என்று பெயர். வாத்ஸ்யாயனர் காலத்து நகரத்து இல்லங்களிலேயே அது இடம்பெற்றிருந்தது. எனினும் எளிய குடிகளின் வீட்டில் உறியே அரசு செய்தது.

அம்மக்களின் வழிவந்தோர் மலாயாவின் பால்மரத் தோட்டங்களுக்கு வந்தபொழுது, அவர்களுக்குக் கிடைத்த சுவர் வேறு. லயத்து வீடுகள் பலவற்றின் சுவர் பலகைச் சுவர். மேலே தகரக் கூரை. பக்கத்து வீட்டார் இருமினால் இங்கே கேட்கும். ஆனால் அந்தப் பலகைச் சுவரில் ஒரு பெருவசதி இருந்தது. நினைத்த இடத்தில் ஆணி அடிக்கலாம். சாமிப் படத்திற்கு ஓர் ஆணி, நாட்காட்டிக்கு ஓர் ஆணி, நாளை வேலைக்கு உடுத்தும் சட்டைக்கு ஓர் ஆணி, பிள்ளையின் பள்ளிப் பைக்கு ஓர் ஆணி என்று, அவ்வீட்டின் வாழ்க்கை முழுவதுமே ஆணிகளில் தொங்கியது எனலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் போன்றோர்க்கு, சுவர் என்றாலே ஆணியை ஏற்கும் ஒன்று என்னும் எண்ணம் அந்நாளில் ஊறியதே.

மரம் ஏன் ஆணியை விடாமல் பற்றுகின்றது? மரம் நார்களால் ஆனது. ஆணி நுழையும்போது நார்கள் விலகி இடம் கொடுக்கின்றன. விலகிய நார்கள் தம் பழைய இடத்திற்கு மீள முயன்று, ஆணியை இரு புறமும் நெருக்குகின்றன. அந்நெருக்கத்தால் எழும் உராய்வே ஆணியின் வலிமை. ஆணியின் திறத்தை நாம் புகழ்கின்றோம். புகழுக்கு உரியது நாரே.

செங்கல்லிலும் கருங்கல்லிலும் நார் இல்லை. அவற்றில் ஆணி அடித்தால் ஆணி வளையும், அல்லது காரை உதிரும். ஆகவே, உலகின் பல பகுதிகளிலும் கொத்தரும் தச்சரும் ஒரே உபாயத்தைக் கண்டனர். உளியால் சுவரில் குழி வெட்டி, அக்குழியில் மரமுளையை இறுக அடித்து, அம்முளையில் ஆணியை அறைவது. கல்லில் இல்லாத நாரைக் கல்லுக்குள் கொண்டு சேர்த்தல் என்று இதனைச் சொல்லலாம். இதைக் கண்டறிந்தவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. பெரிய இயந்திரங்களைக் கண்டவர்களுக்குப் பாடநூல்களில் பக்கங்கள் உண்டு. மரமுளையைக் கண்டவனுக்கு ஒரு வரியும் இல்லாமற் போனது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படுகின்றது.

மரமுளைக்கு இரு குற்றங்கள் உண்டு. ஒன்று, அதற்காக வெட்டும் குழி பெரியது. சுவரின் முகம் சிதையும். மற்றொன்று, மரம் காய்ந்து சுருங்கினால் முளை தளரும். இக்குற்றங்கள் பெரிதாக உறுத்திய இடம் இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அரும்பொருட்காட்சியகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மின்சாரப் பொருத்திகளைச் சுவர்களில் அமைக்க வேண்டியிருந்தது. பழமைமிக்க சுவர்களைச் சிதைக்கவும் கூடாது. அப்பணியை ஏற்ற ஒப்பந்தக்காரர் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்பார், சணல் நாரைப் பசையுடன் சேர்த்து இறுக்கிச் சிறு குழாய்களாக்கினார். சுவரில் ஒடுங்கிய துளையிட்டு, அந்நார்க்குழாயைச் செருகி, அதனுள் திருகாணியைச் செலுத்தினார். திருகாணி உள்ளே செல்லச் செல்ல நார் விரிந்து துளையின் சுற்றுப்புறத்தை நெருக்கியது. 1911-ஆம் ஆண்டைச் சேர்ந்த இப்புத்தாக்கம் அவர் பெயராலேயே ரால்பிளக் எனப்பட்டது. அந்நாளில் உலகச் சணலின் பெரும்பகுதி வங்காளத்து வயல்களில் விளைந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம். இன்றும் நம் நாட்டு வன்பொருள் கடைகளில், எவர் செய்த முளையாயினும் 'ரால்பிளக்' என்று கேட்டால்தான் கிடைக்கின்றது. ஒருவர் பெயர் ஒரு பொருளின் பொதுப்பெயராவதை இலக்கண ஆசிரியர்கள் ஆகுபெயரில் எந்த வகையில் அடக்குவார்களோ, அறியேன்.

நாரின் இடத்தை நைலான் பிடித்தது 1958-இல். ஜெர்மனியின் தும்லிங்கன் என்னும் சிற்றூரில் 1919-ஆம் ஆண்டு பிறந்த ஆர்தர் ஃபிஷர், ஒரு தையற்காரரின் மகன். பூட்டுத் தொழில் பயின்றவர். தம் மகளைப் படம் பிடிக்க விரும்பி, ஒளிப்படக் கருவியோடு இணைந்து மின்னும் ஒளிவிளக்கை 1949-இல் உருவாக்கியவர். அவர் செய்த சாம்பல் நிற நைலான் முளை நீளவாக்கில் பிளந்தது. பக்கங்களில் பல்வரிசை உடையது. துளைக்குள் சுழலாதிருக்க இரு சிறு நாக்குகளும் கொண்டது. திருகாணி புகும்போது அது இரு கூறாக விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கின்றது. 2016-இல் அவர் மறைந்தபோது ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. சிறுவர்கள் பொறியியல் பயிலும் வண்ணம் இணைத்துப் பிரிக்கும் விளையாட்டுக் கருவிகளையும் 1960-களில் அவர் அமைத்தார் என்பது ஆசிரியர்களாகிய நமக்கு உவப்பான செய்தி.

ஒன்றை மட்டும் கருதுக. ராலிங்ஸின் நாரும் ஃபிஷரின் நைலானும் வெளிநோக்கி விரிகின்றன. விரியும் முளையைச் சுவர் எதிர்த்து நெருக்குகின்றது. எதிர்த்து நிற்கும் திண்மை சுவரிடம் இருந்தால்தான் இவ்வித்தை பலிக்கும். அத்திண்மை இல்லாத சுவர் அதற்கு முன்பே அமெரிக்காவில் பிறந்து வளரத் தொடங்கியிருந்தது.

அச்சுவரின் மூலப்பொருள் ஜிப்சம் என்னும் கனிமம். ஆசிரியர்க்கு அது அயலான பொருளன்று. நாம் ஆண்டாண்டுக் காலமாகக் கரும்பலகையில் எழுதித் தேய்த்த வெண்கட்டிகளில் பெரும்பாலானவை ஜிப்சத்தாலேயே செய்யப்பட்டவை. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர்ப் பகுதிகளின் நிலத்திலும் இக்கனிமம் உண்டு. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். அதனை 150 பாகை செல்சியசு அளவில் சூடாக்கினால், அந்நீரில் முக்கால் பங்கு நீங்கி மாவாகும். அம்மாவில் மீண்டும் நீர் ஊற்றினால், இழந்த நீரை ஏற்றுக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும். நீர் மீள்வதே இறுகுவதன் காரணம் என்று விளக்கியவர் இளம் லவாய்சியர். 1765-இல் பிரெஞ்சு அறிவியற்கழகத்தின் முன் அவர் படித்த முதற்கட்டுரையே ஜிப்சம் பற்றியது. பாரிசு நகரத்து மோன்மார்த்துக் குன்றின் சுரங்கங்களிலிருந்து இம்மாவு மிகுதியாகக் கிடைத்ததனால், அதற்குப் பாரிசுச் சாந்து என்னும் பெயர் நிலைத்தது. தீப்பட்டால் தன்னுள் அடங்கிய நீரை ஆவியாக வெளியிட்டு வெப்பத்தைத் தடுப்பது அதன் தனிச்சிறப்பு.

அமெரிக்க வீடுகளில் அந்நாளில் மரச்சட்டங்களின் மேல் மெல்லிய மரக்கீற்றுகளை வரிசையாக அறைந்து, அவற்றின் மேல் சாந்தை மூன்று முறை பூசுவர். ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். ஒரு வீட்டிற்கு வாரங்கள் பல செல்லும். பூசிய முகத்தில் ஆணி அறைந்தால் சாந்து வெடித்து உதிரும். ஆகவே கூரைக்குச் சற்றுக் கீழே சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் பொருத்தி, அதில் கொக்கி மாட்டி, நீண்ட கயிற்றில் படங்களைத் தொங்கவிட்டனர். இங்கிலாந்திலும் இவ்வழக்கம் பரவியிருந்தது. நம் உறியின் தூரத்து உறவு என்று இதனைக் கூறலாம். சுவரின் முகத்தை நம்பாமல் சட்டத்தை நம்பிய முறை அது.

காயும் காலத்தைக் குறைக்க விழைந்தவர் அகஸ்டின் சாக்கெட். தாள் அடுக்குகளுக்கு இடையே முதலில் அவர் தார் பூசிப் பார்த்தார், அது பயன்படவில்லை. பின்னர்த் தாருக்கு மாற்றாகப் பாரிசுச் சாந்தை இட்டு அமைத்த பலகைக்கு 1894-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். பூச்சுக்கு அடித்தளமாக மரக்கீற்றுகளின் இடத்தில் பயன்பட்ட பலகையே அது. 1902-இல் தொழில் தொடங்கிய யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் 1909-இல் சாக்கெட்டின் தொழிலை வாங்கியது. பூச்சே வேண்டாத பலகையை உருவாக்கி, 1917 முதல் ஷீட்ராக் என்னும் பெயரில் விற்றது. ஈரப்பூச்சு இல்லாத சுவர் என்பதால் இவ்வகைக்கு 'உலர்சுவர்' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் மக்கள் அதனை விரைந்து ஏற்கவில்லை. பூச்சுச் சுவரே குடும்பப் பெருமைக்கு உரியது, பலகை ஏழையின் சுவர் என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. அவ்வெண்ணத்தை மாற்றியது விளம்பரமன்று. இரண்டாம் உலகப் போர். ஆள் பற்றாக்குறையும் அவசரமும் மிகுந்த அந்நாளில் படைவீடுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் பலகையால் எழுந்தன. போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்காகக் கட்டிய பல்லாயிரம் வீடுகளும் அவ்வழியே சென்றன. பூச்சுக் கலைஞர்கள் மெல்ல மறைந்தனர்.

இங்ஙனம் பரவிய பலகையின் தன்மை யாது? வழக்கமான பலகை 12.5 மில்லிமீட்டர் கனமுடையது. ஒற்றைச் செங்கற்சுவர் அதனைப்போல் ஒன்பது மடங்கு தடிப்பானது. பலகையின் பின்னே வெறும் வெளி; 40 அல்லது 60 செண்டிமீட்டர் இடைவெளியில் மரத்தாலோ இரும்புத் தகட்டாலோ ஆன செங்குத்துச் சட்டக்கால்கள் மறைந்து நிற்கும். பலகையில் நார் இல்லை. உள்ளே இருப்பது வெண்கட்டி. வெண்கட்டியை மேலிருந்து அழுத்திப் பாருங்கள், தாங்கும். வளைத்துப் பாருங்கள், 'பட்'டென்று ஒடியும். நகத்தால் சுரண்டுங்கள், உதிரும். அதனுள் அறைந்த ஆணியைப் பற்ற ஒன்றுமில்லை. அதனுள் விரியும் நைலான் முளையோ தன்னைச் சுற்றியுள்ள பகுதியைப் பொடியாக்கிக்கொண்டு தளர்கின்றது. பலகையின் வலிமையில் பெரும்பங்கு, மேலே ஒட்டிய தாளில் இருக்கின்றது. தாளைக் கிழித்துவிட்டால் எஞ்சுவது மாவுதான். நம் நாட்டு ஈரக்காற்றும் கூரைக் கசிவும் சேர்ந்து நனைத்துவிட்டால் அந்த மாவின் உறுதியும் குன்றிவிடும்.

இக்குறையை உணர்ந்த தொழிலறிஞர் முளையின் இலக்கணத்தையே மாற்றினர். துளைக்குள் விரிவதை விடுத்து, பலகையின் மறுபுறத்து வெற்றிடத்தில் விரியும் கருவிகளைச் செய்தனர். டாகிள் என்பது அவற்றுள் ஒன்று. வில்லால் இயங்கும் இரு சிறகுகளை மடித்துத் துளைவழியே செலுத்தினால், அப்பால் சென்றதும் அவை விரியும். திருகாணியை முடுக்க முடுக்கச் சிறகுகள் பலகையின் முதுகைப் பற்றிப் பாரத்தை அகன்ற பரப்பில் பகிரும். இதற்குத் துளை சற்றுப் பெரிதாக வேண்டும்; திருகாணியை முழுதும் கழற்றினால் சிறகுகள் சுவருக்குள் விழுந்து மறையும், மீட்க இயலாது. மோலி எனப்படும் மற்றொன்றில், உலோக உறையொன்று மறுபுறத்தில் குடை மடங்குவதுபோல் மடிந்து பற்றும். திருகாணியைக் கழற்றினும் உறை நிலைத்திருக்கும். அகன்ற மரைகளையுடைய, தானே துளைத்துச் செல்லும் முளையும் உண்டு. அது பலகையின் கனத்தை மட்டுமே நம்பியிருப்பதால், படச்சட்டம், கடிகாரம் போன்ற எளிய பொருள்களுக்கு ஏற்றது. இவை யாவற்றினும் உறுதியானது, மறைந்து நிற்கும் சட்டக்காலைக் கண்டு அதிலேயே திருகாணியைச் செலுத்துவதாகும். அது மரக்காலாயின், லயத்துப் பலகை செய்த உதவியை அந்நார் இன்றும் செய்கின்றது. மெல்லிய இரும்புக்காலாயின் அதற்குரிய திருகாணி வேண்டும்.

சட்டக்காலைக் காண்பது அரிதன்று. விரல் மடக்கித் தட்டிக்கொண்டே சென்றால், வெற்றிடத்தில் மத்தள ஒலி எழும். சட்டக்கால் உள்ள இடத்தில் ஒலி அடங்கும். பள்ளி அறிவியல் பெட்டியிலுள்ள காந்தத்தைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினால், பலகையை இறுக்கிய திருகாணித் தலைகளிலும் இரும்புக்காலிலும் அது ஒட்டும். மின்விசைப் பொத்தான்களுக்கு நேர் மேலும் கீழும் மின்கம்பி ஓடக்கூடும் ஆதலின், அவ்விடங்களில் துளையிடுதல் ஆகாது.

எடையைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். கடையில் விற்கும் முளையுறையில் அச்சிட்ட எடையைக் கண்டு, தன் பொருளின் எடை அதனினும் குறைவு என்று மனநிறைவு கொள்வோர் பலர். அவ்வெண் பெரும்பாலும் சோதனையில் முளை பெயர்ந்துவந்த அளவைக் குறிக்கும். அதில் நான்கில் ஒரு பங்கையே நம்புவது தொழிலறிந்தோர் வழக்கம். மேலும், சுவரோடு ஒட்டித் தொங்கும் படம் கீழ்நோக்கி மட்டுமே இழுக்கின்றது. முன்னே நீட்டி நிற்கும் தட்டு நெம்புகோலாகி வெளிநோக்கியும் இழுக்கின்றது. 30 செண்டிமீட்டர் அகலமுள்ள தட்டில் 12 கிலோ நூல்களைப் பரப்பினோம் என்க. எடையின் மையம் சுவரிலிருந்து 15 செண்டிமீட்டர். தட்டைத் தாங்கும் கையின் உயரம் 10 செண்டிமீட்டராயின், மேல் திருகாணிகளை வெளியே பிடுங்கும் விசை 18 கிலோ. கையின் உயரம் 5 செண்டிமீட்டராகக் குறைந்தால் அவ்விசை 36 கிலோவாகும். நூல்களின் எடை கூடவில்லை. சுவர் படும் பாடுதான் இருமடங்காயிற்று. ஆறாம் ஆண்டு மாணவனும் போடக்கூடிய கணக்கு இது. நெம்புகோல் பாடத்தில் கல்லைப் புரட்டும் கடப்பாரையைப் படமாகப் போடுகின்றோம். வீட்டுச் சுவரில் நாள் முழுதும் வேலைசெய்யும் இந்நெம்புகோலையும் ஒருமுறை போட்டுக் காட்டலாம்.

இது வெறும் கணக்குமன்று. உயரமான இழுப்பறைப் பெட்டிகளில் குழந்தைகள் ஏறும் இயல்புடையவர்கள். இழுப்பறைகள் திறந்த நிலையில் ஒரு குழந்தையின் எடை முன்புறம் சேர்ந்தால் பெட்டி கவிழும். 2016-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், குழந்தைகள் சிலர் இவ்வாறு உயிரிழந்ததையடுத்து, உலகறிந்த தளவாட நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 இலட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க நேர்ந்தது. பெட்டியைச் சுவரோடு பிணைக்க வேண்டும் என்னும் குறிப்பு ஏற்கெனவே இருந்தது. பிணைத்தவர்தாம் மிகக் குறைவு. பிணைக்கும் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் தலையில் சுமத்துவது முறையன்று, பெட்டி தானே நிற்கும் வண்ணம் அமைதல் வேண்டும் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் பல ஆண்டுகள் வாதிட்டனர். என் கருத்தும் அதுவே. அவர்தம் முயற்சியால் 2022 டிசம்பரில் சட்டம் இயற்றப்பட்டது. 2023 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, அங்கே செய்யப்படும் இத்தகைய பெட்டிகள், 27 கிலோ வரையுள்ள குழந்தையின் எடையையும் கம்பளத் தரையையும் நிறைந்த இழுப்பறைகளையும் கருத்திற்கொண்டு சோதிக்கப்படல் கட்டாயமாயிற்று.

நம் வீடுகளில் அதற்கு முன்னர் வாங்கிய பெட்டிகள் நிற்கின்றன. நூலடுக்குகளும் பெருந்திரைத் தொலைக்காட்சிகளும் நிற்கின்றன. சுவரோடு பிணைக்கும் வாரும் இரு திருகாணிகளும் சிலவற்றோடு ஓர் உறையில் வந்திருக்கும். அந்தத் திருகாணி மரக்காலுக்கு உரியதா, செங்கல்லுக்கு உரியதா என்பதை உறையைப் பிரித்தவுடன் பார்த்துவிடலாம். அது புகவேண்டிய சுவர் எத்தகையது என்பதை அறிய, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.